ஐரிஸ் கல்யாணத்துக் கருப்பு பீர்

அன்புள்ள லோர்னா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்குப் போர்ட்லாந்தின் மழையும் கடை வேலையும் பழகிவிட்டன.

நம் மகள் ஐரிஸின் கல்யாணத்துக்காக நான் காய்ச்சிய கருப்பு பீரில் ஒரு சிறு தவறு. மணத்துக்காகப் போட்ட, விஸ்கியில் ஊறிய ஓக் மரத்துண்டுகளை ஒரு வாரத்தில் எடுக்காமல், ஆறு வாரம் விட்டுவிட்டேன். வீட்டில் பீர் காய்ச்சும் எங்கள் சங்கத்து நண்பர் டுவைட் ஒரு வாய் குடித்தார்.

"வாத்தியாரே, பள்ளிக்கூடப் பெஞ்சை நக்கின மாதிரி இருக்கு!"

மறுநாள், பீர் போட்டிக்கென்று வைத்திருந்த தன் கருப்பு பீர் முழுவதையும் தூக்கி வந்தார். அதில் ஓக் கிடையாது.

"போட்டி அடுத்த வருஷமும் வரும். பேசாம ரெண்டையும் கலந்துடுங்க."

கலந்தோம். காரம் மிஞ்சிய சூப்பில் பால் விட்டதுபோல மரவாடை அடங்கி, விஸ்கி மணம் எழுந்தது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கல்யாணத்தில் நம் மேசையிலேயே டுவைட்டுக்கு ஓர் இடம் போடு. கடை திறக்க ஓடுகிறேன்.

உன் வெண்டல்