சட்டக்காரர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சட்டக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். இருபத்தேழு வருஷம் என் படங்களுக்கு மரச்சட்டம் இழைத்த தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டதாம். டாக்டர் வாரக் கணக்குத்தான் சொல்கிறார்.

அந்த வார்டில் ரத்த சொந்தத்தை மட்டும்தான் விடுவார்கள். இத்தனை வருஷம் ஒரே வீடு, ஒரே படுக்கை என்று படிவத்தில் எழுத முடியுமா? 'உறவு' என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிவிட்டேன். "சட்டப்படி நான் உனக்கு யாருமில்லப்பா, சட்டம் அடிக்கிறவன்தான்" என்று மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

அவரை வரையத் தொடங்கியிருக்கிறேன். நீதிபதி, மந்திரி எல்லாரும் என் முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது. இவர் மட்டும் "நான் எங்க போயிடப் போறேன்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். பத்து அமர்வாவது வேண்டும். போட்டோவைப் பார்த்து நான் வரைவதில்லை, உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி குமாஸ்தா என்னைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறான். "உங்களுக்கு ஒரு அக்கா மட்டும்தான்னு போட்டிருந்துச்சே?" என்றான். அடுத்த வாரம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பான். 'எனக்கு ரெண்டு தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அக்கா.

உன் சின்னவன்

மார்ச் 8

சின்னவனுக்கு அக்கா எழுதுவது,

கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே உன் மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும். சட்டக்காரரைக் கவனிக்கிறேன் என்று நீ பட்டினி கிடக்காதே.

பத்திரிகையில் உன்னைப் பற்றி வந்த பக்கத்தை இங்கே நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அதில் அவரும் உன் பக்கத்தில் நிற்கிறார். அந்தப் பாதியை மடித்துவிட்டுத்தான் காட்டினேன், உன்னிடம் மறைப்பானேன்? பெண்ணுக்கு வரன் கூடிவரும் நேரம். பயந்து சாகிறேன்.

உனக்காக நான் சொல்லாத பொய்யா? "வேலை ஜாஸ்தி, கல்யாணத்துல இஷ்டமில்ல" என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! இன்னும் ஒன்று சொன்னால் நாக்கா அழுகிவிடும்? சொல்கிறேன், கவலையை விடு.

ஊரையெல்லாம் வரைகிறாய். என்னை ஒரு நாளாவது உட்கார வைத்தாயா?

அன்பு அக்கா

மார்ச் 19

அக்கா,

நேற்று அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா உனக்குப் போன் செய்தபோது நான் எதிரில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "எனக்கு ஒரே தம்பிதாங்க. வேற யாரும் இல்ல" என்றாய்.

அதோடு என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவிலேயே கிடந்தேன். கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியே போர்வைக்குள் அவர் கால்கள் மட்டும் தெரியும். நேற்று யாரோ போர்வையை மேலே இழுத்தார்கள். பாதங்கள் வெளியே வந்தன. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

உடலை வாங்க அவருடைய பெரியப்பா மகன் வந்தான். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவன். அவன் கையெழுத்துச் செல்லுமாம்.

மூன்று அமர்வுதான் முடிந்திருந்தது. நெற்றி இருக்கிறது, கண்கள் இருக்கின்றன. வாய் இல்லை.

ஏன் என்று மட்டும் எழுது.

சின்னவன்

மார்ச் 25

என் கண்ணு,

கூடத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுத்ததே சம்பந்திதான். "உங்களுக்கு எத்தனை தம்பின்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க" என்று என்னிடம் நீட்டினார். ஒரே தம்பி என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பொய் சரளமாக வருகிற வாயில் அன்றைக்கென்று நிஜம் வந்துவிட்டது.

அவர்கள் போனபிறகு நானே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சம்பந்தம் நிச்சயமான சந்தோஷத்தில் எனக்கு மனசே வரவில்லை. நான் பாவி.

என் கல்யாணப் போட்டோவில் ஓரத்தில் சட்டக்காரர் நின்றிருந்தார். விஷயம் தெரிந்ததும் உன் மாமா வெட்டச் சொன்னார், வெட்டினேன். துண்டைத் தூக்கிப் போடக் கை வரவில்லை. தையல் பெட்டியில் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். சிரித்துக்கொண்டிருக்கிறார், வாய் தெளிவாகத் தெரிகிறது. இதை வைத்தாவது முடித்துவிடு.

திட்டியாவது எழுது, சின்னவனே.

அக்கா

ஏப்ரல் 30

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய துண்டு கிடைத்தது. அதில் அவர் தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறீர்கள். அது என் கை.

போட்டோவைப் பார்த்து நான் வரைவதில்லை. படம் வாயில்லாமலே கண்காட்சிக்குப் போகிறது. கீழே என்ன எழுதுவது என்று கேட்டார்கள். 'என் துணைவர்' என்று எழுதச் சொன்னேன். பத்திரிகைகளில் முழுப்பக்கம் வருமாம், மடிக்க இடமிருக்காது. தங்கள் மகள் கல்யாணம் முடியும்வரை கண்காட்சியைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் என்ன செய்தாள், பாவம்.

சட்டம் அடிக்க ஆளில்லை. அப்படியே மாட்டப் போகிறார்கள்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு அனுப்பக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்கள்.

"யாரும் இல்ல" என்றேன்.

இப்படிக்கு,
ஓவியர்