பரிசுக்கு ஒரு தேவைப் படிவம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர; அது யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மருமகளும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நானும் அப்பாவும் உன் அக்காவும் அவள் பெரியவளும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தக் குடும்பம் இனி எந்த ஆசிரியருக்கும் காபிக் கோப்பை பரிசளிக்காது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். லாரியோடு வெளியூரில் இருந்த மாப்பிள்ளை, "நீங்க சொன்னா சரிதான் அத்தை" என்று போனிலேயே வாக்களித்துவிட்டார். பெரியவளின் தம்பி பட்டாணி மட்டும் மேசைக்கு அடியில் இருந்தபடி நடுநிலை வகித்தான். இரண்டரை வயதில் அது பெரிய விஷயம்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மாத ஆரம்பத்தில் நீ போனில், விடுமுறைக்கு முன்னாடி சின்னவளோட காப்பக மிஸ்ஸுக்குக் கையைக் கடிக்காம என்னம்மா வாங்கறது என்று கேட்டாய். ரொம்ப நல்ல மிஸ், ஏழு மணிக்குப் போனாலும் சிரிச்ச முகமா நிக்கறாங்க என்றும் சொன்னாய். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

கோப்பை விவகாரம் உனக்குத் தெரியாது. போன வருடம் பெரியவளின் வகுப்பு டீச்சருக்கு நாம் ஒரு கோப்பை கொடுத்தோம், 'உலகின் மிகச் சிறந்த ஆசிரியர்' என்று எழுதியது. டீச்சர் மேசையில் அன்று மொத்தம் பத்தொன்பது கோப்பைகள் இருந்தன என்றும், அதில் பதினொன்றில் அதே வாசகம் என்றும், பக்கத்து வகுப்பு டீச்சர் மேசையிலும் அப்படியே என்றும் பெரியவள் வந்து சொன்னாள். எட்டு வயதுக் குழந்தைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப யார் பாட்டி நிஜமாவே சிறந்தவங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் அப்பாவிடம் அனுப்பிவைத்தேன், அவர் அதை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இந்த வருடம் கவலை டீச்சரைப் பற்றி அல்ல. பட்டாணியைப் பார்த்துக்கொள்ளும் காப்பக மிஸ்ஸைப் பற்றி. முதல் தேதியன்று காப்பகத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள், 'குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை' என்று. விசாரித்ததில், இந்த மிஸ் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாளாம், ஐந்து மணிக்கு மூடுகிற ஏதோ ஒரு கடையில் வேலை பார்த்து வைத்திருக்கிறாளாம். பட்டாணி இவள் கையால்தான் மத்தியானம் சாப்பிடுவான், இவள் முதுகைத் தட்டினால்தான் தூங்குவான். இவள் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் அவன் பட்டினி கிடந்து, தொண்டை கட்டும்வரை அழுது, மூன்றாம் நாள் உன் அக்கா லீவு போட வேண்டியதாயிற்று. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அந்த வேலை கிடைக்க எத்தனை நாள் அலைந்தாள் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, "ராஜினாமா லெட்டர் எப்படிம்மா ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். இருபத்தொன்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்டோரில் கொள்முதல் பார்த்தவளுக்கு எந்த லெட்டரும் தெரியாமல் இருக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

ஆகவே ஒரு நல்ல பரிசு கொடுத்து மிஸ்ஸின் மனதை மாற்றுவது, அதே சமயம் மாதக் கடைசியில் நாமும் சாப்பிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிவாயிற்று. உன் அக்கா கைப்பை என்றாள். பெரியவள் தங்கச் சங்கிலி என்றாள், அது தள்ளுபடி ஆனது. அப்பா சுவர்க் கடிகாரம் என்றார். காப்பகத்தில் மாட்டிக்கலாம், தினமும் பாக்கறப்பல்லாம் நம்ம ஞாபகம் வரும் என்றார். சொன்னதோடு நிற்காமல் மாலையே போய், முள் ஓடும்போது டக் டக்கென்று ஊருக்கே கேட்கிற கடிகாரம் ஒன்றை, பாதி விலை என்பதால், வாங்கியும் வந்துவிட்டார். நம் குடும்பத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கடிகாரம் போவதில் என்ன கோளாறு என்று அன்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. விலைப்புள்ளி கேட்காமல், தேவைப் படிவம் இல்லாமல் பொருள் வாங்கியாயிற்றே என்று. வார்டிலிருந்து நர்ஸ் படிவத்தில் எழுதித் தராமல் நான் ஒரு பஞ்சுருண்டைகூட வாங்கியவள் இல்லை. கேட்காமல் வாங்கி வைத்த சாமான் எல்லாம் என்ன கதி ஆகும் என்று ஸ்டோரின் பின்னறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உபயோகிக்கிறவரைக் கேள், பிறகு வாங்கு. இவ்வளவுதான் என் உத்தியோகத்தில் நான் கற்றது.

எனவே பழைய பெட்டியைத் திறந்து, ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த படிவக் கட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்தேன். பொருள், எண்ணிக்கை, எப்போது தேவை, காரணம், அது கிடைக்காவிட்டால் ஏற்கத்தக்க மாற்று என்று ஐந்து கட்டம். "பாட்டி, டீச்சருக்கு யாராவது ஃபாரம் குடுப்பாங்களா? என் மானமே போகும்" என்று பெரியவள் குதித்தாள். அப்பா, "உங்க பாட்டி என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதுக்கு முன்னாடியே மூணு இடத்துல விசாரிச்சவ, விடு" என்றார். மூன்றில் குறைந்த விலைக்கு வந்தவர் அவர் என்பதை நான் குழந்தை எதிரில் சொல்லவில்லை.

டீச்சரின் படிவத்தைப் பெரியவளின் பையில் வைத்தனுப்பினேன். காப்பகத்துக்கு நானே திங்கள்கிழமை ஆறு மணிக்கு நடந்து போனேன், வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். உள்ளே செருப்பு அடுக்கில் ஒரே ஒரு ஜோடி, பட்டாணியுடையது. நாற்காலிகள் எல்லாம் கவிழ்த்து மேசைமேல் ஏற்றியாயிற்று, ஒன்றைத் தவிர. முழங்கால் உயரமுள்ள அந்தக் குட்டி நாற்காலியில் மிஸ் உட்கார்ந்திருந்தாள், தோளில் கைப்பை, காலில் வெளிச் செருப்பு, கையில் கதைப் புத்தகம், பட்டாணி அவள் மடியில் சாய்ந்து யானை எங்கே யானை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா வர இன்னும் அரை மணி ஆகும் என்றேன். "தெரியும்மா, பரவால்ல, எங்களுக்கு யானை வர்றதுக்கே அவ்வளவு நேரம் ஆகும்" என்றாள். படிவத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னம்மா இது, ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கற மாதிரி" என்றாள். விடுமுறைக்குப் பரிசு, எது வேணுமோ கூச்சப்படாம எழுதும்மா என்றேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பட்டாணியை நானே அப்போதே கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்பாய். உன் அக்கா எதிரே வருவாளே, வந்து தேடுவாளே என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன், வீட்டில் டிவியில் எனக்குத் தொடர் ஆரம்பித்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு படிவமும் வந்தன. டீச்சருடையதில், பொருள்: பென்சில். எண்ணிக்கை: நாற்பது. எப்போது தேவை: எப்போதும். காரணம்: இரவல் வாங்கிய எவனும் திருப்பித் தருவதில்லை. மாற்று: ரப்பர், ஆனால் கோப்பை வேண்டாம். கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு அடிக்கோடு. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

காப்பகத்துப் படிவம் பட்டாணியின் சாப்பாட்டு டப்பா மூடிக்குள் நாலாக மடித்து வந்திருந்தது. அப்படியே உனக்கு எழுதுகிறேன். பொருள்: பிள்ளையைக் கூட்டிப் போக ஆள். எண்ணிக்கை: ஒன்று. எப்போது தேவை: தினமும் ஆறு மணி. காரணம்: எனக்கு ஆறு பத்துக்கு பஸ், அதை விட்டால் ஏழு ஐந்துதான், அதுவரை என் பொண்ணு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். மாற்று: எதிரே பெஞ்சில் உட்காரும் தாத்தா ஆனாலும் சரி.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்துவிட்டேன், கடைசி வரி வரும் என்று தெரியாமல். அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார். அவர் தினமும் ஐந்தரை முதல் ஆறரை வரை பூங்கா பெஞ்சில் ஓய்வு பெற்ற தபால்காரரோடும் பல் டாக்டரோடும் உட்கார்ந்து உலக நாடுகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசனை சொல்பவர் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் நேர் எதிரே காப்பகத்தின் கதவு. பட்டாணி அங்கே சேர்ந்த எட்டு மாதமாக. உன் அக்கா, "நான் என்ன வேணும்னா லேட்டா வர்றேன்? லேபும் பஸ்ஸும் என் கையிலயா இருக்கு?" என்று எங்களிடம் சீறினாள், யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தணிந்து, "ஒரு நாள்கூட மூஞ்சியைச் சுளிக்கலையேம்மா அவங்க" என்றாள். ஆரம்பத்தில் அவள்தான் எங்களிடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே வர்ற வழியில கூட்டிட்டு வந்துடறேன் என்றாள். ஒரு முறை மரியாதைக்குச் சொன்னாள். நாங்கள் அதை எட்டு மாதம் சட்டம்போலக் கடைப்பிடித்தோம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு குழந்தை உண்டு என்பது இந்த வீட்டில் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்காம் வகுப்பாம், நம் பெரியவளைவிட ஒரு வகுப்பு மேலே.

புதன்கிழமை ஐந்து ஐம்பதுக்கு அப்பா காப்பகத்துக்குப் போனார். பட்டாணி வர மறுத்துவிட்டான், கோபுரம் முடியவில்லை என்று. அவரும் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து நாலு கட்டை வைத்து அதை இடித்துவிட்டு, அதற்கும் திட்டு வாங்கி, ஆறு ஒன்றுக்கு இருவரும் வெளியே வந்தார்களாம். மிஸ் கதவைப் பூட்டிவிட்டு இவர்களைத் தாண்டி ஓடினாளாம். "ஓடினா பாரு, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி" என்றார் அப்பா, அன்று மாலை மட்டும் மூன்று தடவை. தபால்காரரும் பல் டாக்டரும் பெஞ்சை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டார்கள், உலக நாடுகள் அரை மணி முன்னதாகவே யோசனை பெறுகின்றன. அப்பாவுக்கு முடியாத நாளில் நான். தொடரில் எல்லோரும் இன்னும் ஒரே விஷயத்துக்குத்தான் அழுதுகொண்டிருக்கிறார்கள், நடுவில் பத்து நாள் விட்டாலும் தெரியாது.

கடிகாரம் நம் கூடத்தில் அப்பா நாற்காலிக்கு நேரே மாட்டியாயிற்று. நாற்பது பென்சில் வாங்கிப் பெரியவளிடம் கொடுத்தேன், அவள் ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதிக் கொண்டுபோனாள், திரும்பி வராதது எது என்று டீச்சருக்குத் தெரிய வேண்டுமாம். என் பேத்திதான். மிஸ்ஸின் பெண்ணுக்கும் அதே கடையில் வண்ணப் பென்சில் ஒரு பெட்டி வாங்கினேன், அது படிவத்தில் இல்லாத செலவு, என் சொந்தப் பொறுப்பில் செய்தது. மிஸ்ஸிடம் கொடுத்தபோது, இருந்துடும்மா என்று கேட்டுவிட வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பரிசைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினால் அதற்குப் பெயர் வேறு. இன்றோடு அப்பா ஆறு மணிக்குப் போக ஆரம்பித்து ஒன்பது வேலை நாள், உன் அக்கா அதற்குப் பிறகு ராஜினாமா பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். இதோடு வெற்றுப் படிவம் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று உன் சின்னவளின் மிஸ்ஸுக்கு, ஒன்று நீ கிழித்துவிட்டால் மாற்றுக்கு. அங்கே பேசுகிற மொழியில் கட்டத்தின் தலைப்புகளை மருமகளை விட்டு எழுதிக்கொடுக்கச் சொல், உன் கையெழுத்து மருந்துச் சீட்டு. கொடுக்கும்போது நீ பக்கத்தில் நிற்காதே, வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதட்டும். ஏழு மணிக்குச் சிரித்த முகமாக நிற்கிறவர்கள் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை, எனக்கே எட்டு மாதம் ஆயிற்று. எழுதி வந்ததை வாங்க முடிந்தால் வாங்கிக் கொடு, முடியாவிட்டால் முடியாது என்று சொல், கோப்பை மட்டும் வேண்டாம்.

மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், நோய் நொடி அண்டாமல் நிறைந்து வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். சின்னவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், ஒன்று அப்பாவுடையது, எது என்று அவளே தீர்மானிக்கட்டும். படிவம் நிரம்பி வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்ப மறக்காதே, கோப்பில் வைக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா

பி.கு. கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும்போது காப்பகத்து வழியாகப் போனேன். கதவில் அந்தக் காகிதம் இல்லை, புதிதாக யாரையும் சேர்க்கவும் இல்லையாம். நான்கு மூலையில் ஒட்டியிருந்த பசைநாடா மட்டும் இருக்கிறது.