தண்ணீர் நின்றதற்கு யார் பொறுப்பு, அண்ணி?

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து எனக்குத் தோழியாகிப் போன மாலா அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகும் உங்களிடம் பேசாத நாள் கிடையாது. நான் நர்ஸாக இருக்கும் டயலிசிஸ் மையத்தில் உங்கள் பழைய நாற்காலியைத் துடைக்கும்போதும், வீட்டில் சோறு வடிக்கும்போதும் மனதுக்குள் உங்களிடம் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அண்ணி. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இங்கே ஜொகூரில், நம் தம்போய்ப் பக்கம் தண்ணீர் நின்றுபோனது. பெருமழை ஒன்றுக்குப் பிறகு பம்ப் நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் போனால் ஓட வேண்டிய ஜெனரேட்டர் அங்கே இல்லை. தம்போயிலும் ஸ்கூடாய் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலும் குழாய்கள் வறண்டன. மக்கள் வாளியோடு தண்ணீர் லோரிக்காக வெயிலில் காத்துக் கிடந்தார்கள். சரியாக வாரம் ஒன்று ஓடிப்போனது, மறுபடி தண்ணீர் ஒழுங்காக வர.

அந்தத் தண்ணீர் கம்பெனிக்கு இப்போது தலைமை நிர்வாகி அண்ணன்தான். நீங்கள் இறந்த மறு வருஷம் அந்தப் பதவி கிடைத்தது. அன்று உங்கள் படத்துக்குப் பூ வைத்து, "இவ இல்லாம போயிட்டாளே" என்று அழுதார். நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

டயலிசிஸ் மெஷினுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று ஜொகூரில் வேறு எந்த அதிகாரிக்குத் தெரியாவிட்டாலும் அண்ணனுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் உங்களை அழைத்து வந்து, ஊசி குத்திய உங்கள் கையைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர் அவர். தண்ணீர் நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால்? அது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே, அண்ணி.

எங்கள் மையத்தின் மாடித் தொட்டி முதல் நாளோடு காலியானது. லோரித் தண்ணீரை நம்பி மெஷினை ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெகு தொலைவில், மூவாரில் இருக்கும் ஒரு மையம் கை கொடுத்தது. ஆனால் அவர்களுக்கும் சொந்த நோயாளிகள் உண்டு. எங்கள் ஆட்களுக்கு நேரத்தைக் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாதவர்களை வேனில் ஏற்றி அனுப்பினேன். வேன் கிளம்பும்போது கையசைத்தேன். அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிந்தது?

உங்கள் அடுத்த நாற்காலி பெருமாள் அங்கிளை மறந்திருக்க மாட்டீர்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மெஷின் ஓடத் தொடங்கியதும், "மாலா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பாரே. அவர் ஒரு முறை மூவார் போய்வந்தார். மறுமுறை போன் செய்து, "அவ்ளோ தூரம் உக்கார முடியலம்மா. தண்ணி வந்ததும் நம்ம இடத்துக்கே வரேன்லா" என்றார். நான் கெஞ்சியும் வரவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

அந்த வாரம் மையத்தில் வேனுக்குக் காத்திருந்த எல்லோரும் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். "தலைவரு வீட்ல மட்டும் தண்ணி வந்துகிட்டுத்தான் இருக்கும்" என்றார் ஒரு அம்மா. நான் குனிந்த தலை நிமிராமல் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலைவர் என் கூடப் பிறந்தவர் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அங்கே ஏதோ வேலை பார்க்கிறார் என்பது மட்டும்தான் அவர்களில் சிலருக்குத் தெரியும்.

அன்று மாலை டிவியில் அண்ணன் வந்தார். நீங்கள் எடுத்துக் கொடுத்த அந்த நீலக் கோட்டு. யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றார். பம்ப் நிலைய மேலாளரின் கவனக்குறைவு பற்றி விசாரணை நடக்கிறது, அவர் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார் என்றார். மேலாளர் வேறு யாருமில்லை, மெய் லிங். சீனப் புத்தாண்டுக்கு வருஷம் தவறாமல் உங்களுக்கு ஆரஞ்சு கொண்டுவருவாரே, அவரேதான்.

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"அண்ணே, அங்க இருந்த ஜெனரேட்டர் எங்க?"

"அதான் விசாரணை நடக்குதுன்னு சொன்னேனே."

"அது டிவிக்கு. எனக்குச் சொல்லுங்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "புதுசா வந்த டேட்டா சென்டர் இருக்குல்ல, அந்தப் பக்கத்து பம்புக்குக் கொண்டு போயாச்சு. அவங்க கம்ப்யூட்டருங்க சூடாகாம இருக்க, தண்ணி நிக்கவே கூடாதுன்னு ஒப்பந்தம். இங்க வேற ஒண்ணு வர்ற வரைக்கும் சமாளிச்சிடலாம்னு முடிவு பண்ணோம்."

"பண்ணோம்னா? யாருண்ணே?"

"போர்டுல எல்லாரும் சரின்னாங்க."

"கொண்டு போகச் சொன்னது யாரு?"

"நான்தான்." குரல் உள்ளே போய்விட்டது. "மெய் லிங் வேணாம்னுதான் சொன்னா. ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் அவங்களை நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"லோயர் எதையும் ஒத்துக்கக் கூடாதுங்கிறாரு. அலமாக், ஐயோ, வாணி, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"பெருமாள் அங்கிள் ஆஸ்பத்திரில மூச்சுக்குப் போராடுறாரு. அது புரியுது."

அண்ணன் நிமிர்ந்தார். "மாலா பக்கத்துல உக்காந்திருப்பாரே, அவரா?"

அதோடு கிளம்பி வந்துவிட்டேன். உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்காக மட்டுமல்ல, எனக்காகவும்தான் கூச்சமாக இருந்தது.

பெருமாள் அங்கிள் பிழைத்துக்கொண்டார், அண்ணி. அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, அண்ணனே என்னைக் கூப்பிட்டு, "பார்க்கணும், கூட வா" என்றார். பார்வையாளர் நேரத்தில் போனோம். அங்கிள் பாதியாக இளைத்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நம்ம மாலா வீட்டுக்காரரா? வாங்க, வாங்க. பாத்தீங்களா, இந்தத் தண்ணி கம்பெனிக்காரனுங்க நம்மள என்ன பாடு படுத்திட்டானுங்க. மாலா இருந்திருந்தா அவளும் இதே வேன்லதானே போயிருப்பா?"

அண்ணனின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லாமல் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அங்கிள், அந்தக் கம்பெனித் தலைவர் நான்தான். ஜெனரேட்டரை அங்கேருந்து எடுக்கச் சொன்னதும் நான்தான்."

அங்கிள் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் மன்னிப்புக் கேட்டார். அங்கிள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணன் லோயர் பேச்சைக் கேட்கவில்லை. நிருபர்களைக் கூப்பிட்டு, முடிவெடுத்தது தான், மெய் லிங் மேல் தவறில்லை என்று சொன்னார். மெய் லிங்கை வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். பம்ப் நிலையத்துக்கு ஜெனரேட்டரும் வந்துவிட்டது. அண்ணன் பதவியை விட்டு விலகிவிட்டார். அவரோடு சேர்ந்து தலையாட்டியவர்கள் அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா, அண்ணி? இத்தனை பேர் சரி என்று சொன்ன ஒரு தவறுக்கு எத்தனை பேர் தலை குனிய வேண்டும்?

பெருமாள் அங்கிள் மறுபடி மையத்துக்கு வருகிறார். முதல் நாள் ஊசியோடு அவர் பக்கத்தில் போனேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நாங்கல்லாம் திட்டினப்ப நீயும் அங்கதானே நின்ன?" என்றார். கோபமாகக்கூட இல்லை. "வேற நர்ஸ் இருந்தா வரச் சொல்லும்மா."

வேறு நர்ஸைத்தான் அனுப்பினேன். இன்று வரை அப்படித்தான் நடக்கிறது.

அரசாங்க விசாரணை தொடங்கப்போகிறது. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இன்னாரின் தங்கை என்று முதலில் சொல்லிவிட்டு, அந்த வாரம் மையத்தில் பார்த்த எதையும் குறைக்காமல் சொல்வேன். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன். அது முடிந்ததும் அவரை என் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போடுவேன். இரண்டையும் செய்வேன், அண்ணி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தலை குனிந்து,
உங்கள் நாத்தனார்
வாணி