பத்தாவது மேத்ஸ் எடுப்பீங்களா?

ரோஹிணிக்கு,

நீ உங்க அண்ணா வீட்டுக்குப் போன மறுநாளே வாசல்ல "லீடர்ஷிப் கோச்சிங்" போர்டை மாட்டிட்டேன். வர்றவங்க எல்லாரும் பத்தாவது மேத்ஸ் எடுப்பீங்களான்னுதான் கேக்கறாங்க. ஒரே எரிச்சல். ஹாலுக்கும் கேட்டுக்குமா நடந்துக்கிட்டே இருக்கேன்.

இன்னிக்கு ஒரு அம்மா, அவங்க பொண்ணுக்கு டியூஷன் கேட்டு வந்தாங்க. கோச் அட்வைஸே பண்ணக்கூடாது, கேள்விதான் கேக்கணும்னு ட்ரெயினிங்ல சொல்லிக்கொடுத்தாங்க. சரி, பழகிப் பார்ப்போம்னு, "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டேன். "எங்க வீட்ல இதை யாருமே கேட்டதில்ல சார்"னு சொல்லி அழுதுட்டாங்க.

அவங்க போனதிலேர்ந்து என்னால உக்காரவே முடியலை.

கீழ்க்கட்டளைல உங்க அண்ணா வீட்டுக்கு பைக்ல இருபது நிமிஷம்தான். நேர்ல வந்தா வாசல்லயே அட்வைஸ் ஆரம்பிச்சுடுவேன், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அதான் லெட்டர்.

ரோஹிணி, உனக்கு என்ன வேணும்?

வாயை மூடப் பழகும்
உன் புருஷன்