முந்நூற்றுப் பதினெட்டாம் கொக்கி

1967 ஜூலை 18, செவ்வாய்
டெட்ராய்ட் வெயில் போதாதென்று என் சலவைக் கடைக்குள் நீராவி இஸ்திரி வேறு. இதற்குள் என் தொப்பை பாதி உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. பக்கத்துத் தெரு ஒடெஸா மகன் கார்னெலின் சாம்பல் நிற சூட்டைக் கொண்டுவந்தாள். மாதக் கடைசியில் அவனுக்கு வங்கியில் நேர்காணல்.

"தோள்ல கொஞ்சம் பிடிச்சு விடுங்கண்ணே. அவன் ஒல்லிப் பிசாசு."

எண் 318. சீட்டோடு, போதகரின் மனைவி அக்கா வீட்டுக்குப் போன கதையையும் இலவசமாகக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 23, ஞாயிறு
விடியுமுன் தெருக்கோடி மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்து எல்லோரையும் அள்ளிப் போனதாம். மதியத்துக்குள் எங்கள் பன்னிரண்டாம் தெருவே எரிகிறது. கறுப்பர் கடை என்று தெரிந்தால் உடைக்காமல் விடுகிறார்களாம். வெள்ளை ஷூ பாலிஷால் கடைக் கண்ணாடியில் 'நம்மாளு கடை' என்று எழுதினேன். எழுத்து கோணல். உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா கெய்ன்ஸ் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். என் மூஞ்சிக்குத் தெரியும், கடைக்கு ஏது மூஞ்சி?

முன்பு ஹேஸ்டிங்ஸ் தெருவில் கடை வைத்திருந்தேன். நகராட்சி இடித்து அதன்மேல் கார்ச்சாலை போட்டது. கறுப்பனுக்கு வேறெங்கே இடம் தருவார்கள்? இங்கே வந்தேன். இடிக்க வந்த அன்றைக்குக் கண்ணாடியில் எதையும் எழுதிவைக்கத் தோன்றவில்லை.

ஜூலை 25, செவ்வாய்
கண்ணாடி இல்லை. துணிகள் இல்லை. தெருவில் ராணுவ டாங்கி.
என் பழுப்பு சூட் மட்டும் தொங்குகிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 27, வியாழன்
கார்னெல் போய்விட்டான். தீப்பொறி விழுகிறதென்று கூரையில் ஏறித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தானாம். கையில் இருந்தது குழாய். யாரோ துப்பாக்கி என்று நினைத்துவிட்டார்கள்.
மதியம் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்?

ஜூலை 29, சனி
ஒடெஸா சீட்டை நீட்டினாள்.

"சூட்டு வேணும்ணே. திங்கக்கிழமை எடுக்கிறோம்."

சொன்னேன். காலிக் கம்பிகளைப் பார்த்தாள். பிறகு என் பழுப்பு சூட்டை.

"இதுக்குள்ள ரெண்டு கார்னெல் நுழைவானே."

முதுகுப் பக்கம் இழுத்து ஊசி குத்திக் கொடுத்தேன். பெட்டியில் படுத்தால் தெரியாது. பழக்கதோஷம், சீட்டை வாங்கக் கை நீட்டிவிட்டேன். அவள் தரவில்லை.

"அது வரட்டும், தரேன்."

ஆகஸ்ட் 25, வெள்ளி
கண்ணாடிக்காரனுக்கு இன்னொரு முறை போன் செய்தேன். ஊரெல்லாம் உடைந்திருக்கிறது, வரிசையில் நில்லு என்கிறான். அதுவரை பலகைதான்.
வெள்ளிதோறும் ஒடெஸா வாசலில் நின்று, "வந்துச்சா?" என்கிறாள். அவளுடைய பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். இதைக் கேட்பதற்காகவே தெருவைத் தாண்டி வருகிறாள்.

செப்டம்பர் 12, செவ்வாய்
புதிதாக ஒருத்தன், சாம்பல் நிற சூட்டோடு.

"ஒருத்தன் கார் டிக்கில வெச்சு வித்தான், சல்லிசா வாங்கினேன். தோளு எப்படி உக்காந்திருக்கு பாரு பெருசு! எனக்குன்னே அளவெடுத்த மாதிரி."

இடுப்புப் பட்டியின் உட்புறம், என் கையெழுத்தில்: 318.

"வியாழக்கிழமை வா" என்றேன்.

செப்டம்பர் 14, வியாழன்
இயந்திரத்தில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றேன்.

"என்னய்யா கடை நடத்துற?"

நியாயமான கேள்வி. திட்டிவிட்டுப் போனான்.
சூட்டை வெளுத்து, இஸ்திரி போட்டு, 318ஆம் கொக்கியில் மாட்டினேன்.

செப்டம்பர் 15, வெள்ளி
காலையில் கண்ணாடிக்காரன் வந்தே விட்டான். ஏழு வாரமாகக் கெஞ்சிய கண்ணாடி, வண்டியில் பளபளவென்று. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். என்னைப் பைத்தியம் போலப் பார்த்தான்.

எட்டரைக்கு ஒடெஸா வந்தாள். பலகை அடைத்த கடைக்குள் அவளுக்கு இருட்டுதான் தெரியும்.

"வந்துச்சா?"

ஊரில் எந்த வீட்டுக் கதையும் என் வாயில் ஒரு நாள் தங்கியதில்லை. வந்துவிட்டது என்றால் சீட்டைக் கொடுத்துவிடுவாள், அப்புறம் வெள்ளிக்கிழமை எதைக் கேட்கத் தெருவைத் தாண்டுவாள்?

"இன்னும் இல்லம்மா."

"சரி, அடுத்த வெள்ளி வரேன்" என்று தெருவைத் தாண்டிப் போனாள்.