ஈரலை விட்டு வெளியே வராத புரதம்

இனயம்,
செப்டம்பர் 9.

அன்புள்ள பெபிஷா அப்பாவுக்கு ஜெப்சி எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். நானும் மாமியும் சுகம். பெபிஷாவும் சுகம் என்று எழுதலாமா தெரியவில்லை. சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், கண் மட்டும் இன்னும் மஞ்சள்தான்.

போனில் பேசினால் மாமி பக்கத்தில் இருப்பார்கள். நீங்களும் எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்' போட்டு வைத்துவிடுவீர்கள். இதற்கு 'ம்' போதாது. அதனால்தான் பஹ்ரைனில் உங்கள் போட்டில் சேர வரும் பெனிஷிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் லீவில் வந்து போன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போய் ஐம்பது நாளாகிறது. மாமிக்குத் தெரியாது. பெபிஷாவின் டாக்டரிடம் மட்டும் சொன்னேன். வயிற்றில் இருப்பதற்கும் இந்த நோய் உண்டா என்று பதினொரு வாரத்துக்குப் பிறகு பார்க்கலாமாம். பார்க்கவா என்று கேட்கிறார்.

நோயை அவர் மூன்று முறை விளக்கினார். ஈரலில் உள்ள செல்கள் ஒரு புரதத்தைச் செய்து, சரியாக மடித்து, ரத்தத்தில் விடுமாம். அது போய் நுரையீரலைக் காக்குமாம். பெபிஷாவுக்கு மடிப்பு தப்பிவிடுகிறது. தப்பாக மடித்த வலை கடலில் இறங்காமல் போட்டிலேயே சிக்கிக் கிடக்குமே, அதுபோல ஈரலிலேயே தேங்குகிறது.

புரதம் தேங்குகிறது என்று முதல்முறை கேட்டதும் நானும் மாமியும் என்ன செய்தோம் தெரியுமா? மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டோம். பக்கத்து வீட்டில் சாளை பொரிக்கும் மணத்துக்குப் பிள்ளை அழும், நான் கஞ்சி ஊட்டுவேன். இருபது நாளில் ஒரு கிலோ குறைந்துவிட்டாள். டாக்டர் ஏசினார். தின்னும் புரதத்தை உடம்பு துண்டு துண்டாக உடைத்து, தனக்கு வேண்டியதைப் புதிதாகச் செய்துகொள்ளுமாம். இது வேறு, அது வேறாம். அன்றைக்கே சாளை வாங்கினேன். அவள் தின்ற வேகத்தைப் பார்த்து அடுப்படியில் நின்று அழுதேன்.

மாமி, "நம்ம குடும்பத்துல இப்பிடி ஒரு சீக்கு கெடயாது கேட்டியா" என்கிறார்கள். டாக்டரோ பாதி உங்களிடமிருந்தும் பாதி என்னிடமிருந்தும் வந்தது என்கிறார். நமக்கு ஒன்றுமில்லை, பிள்ளைக்கு மட்டும் எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. நாலில் ஒரு பிள்ளைக்கு வரலாமாம். நமக்கு இருப்பதே ஒன்றுதான், அதற்கே வந்துவிட்டது. இரண்டாவதற்கு எந்தக் கணக்கு?

பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன். பார்த்துவிட்டு? பெபிஷா மாதிரி என்றால் வேண்டாம் என்று சொல்லவா? இந்த மத்தியானம் அவள் என் காலில் தலை வைத்து உறங்குகிறாள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு பிள்ளையை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கவும் தெம்பில்லை.

கடலில் மாதா உங்களைக் காக்கட்டும். லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

உங்கள்
ஜெப்சி