மைக்கில் சொன்ன சொல்

அக்கா,

உங்கள் கறுப்புக் கோட்டை உங்கள் அம்மா நேற்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டிக்குள் கிடந்ததால் ஒரே அந்துருண்டை வாசம். கொடியில் காயப் போட்டிருக்கிறேன். ஆள் இல்லாமலும் அதன் தோள்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. "நீதானட்டி அடுத்து வக்கீலுக்குப் படிக்கப் போற, நீயே வச்சுக்க" என்றார்கள். அது இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நூல்கடை அண்ணாச்சியின் கணக்கப்பிள்ளை போன வாரம் வந்திருந்தார். உங்களைப் படிக்க வைத்த அண்ணாச்சியின் அதே அறக்கட்டளை, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் என்னையும் கல்லூரியில் சேர்த்து, பிறகு சட்டமும் படிக்க வைக்குமாம். அம்மா காப்பி போட ஓடினாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பிள்ளைகள் இருக்கும் ஊரில், உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணாகப் பார்த்து ஏன் தேடி வர வேண்டும்?

உங்களுக்கு அந்த உதவி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. தெருவில் யாரும் அதை நம்பவில்லை. முதலாளி கையிலிருந்து வரும் பணத்தில் நமக்குத் தெரிந்தது ஒரே வகைதான். தறி ஓட்ட வருகிறவருக்கு முதலிலேயே அட்வான்ஸ் கொடுப்பார்கள். அதைத் தீர்க்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி குறைந்தாலும் வாய் திறக்க முடியாது. நான் மாமா என்று கூப்பிடும் உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் தறி ஓட்டினார்.

"இது தருமமில்ல, அட்வான்சு. புள்ளையத் தறியில கட்டுதாரு" என்றார் மாமா.

"மதுரையில படிக்கப் போற அக்காவ எந்தத் தறியில மாமா கட்டுவாரு?" என்று நான் கேட்டேன்.

"நாளைக்கு அவரு கேசயெல்லாம் இவதானட்டி ஓட்டணும். அதுவும் தறிதான்."

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் தேரடிப் பக்கம் மேடை போட்டிருந்தார்கள். அண்ணாச்சி உறையை நீட்டினார். நீங்கள் கையை நீட்டவில்லை. "இதுக்கு நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?" என்று மெல்லத்தான் கேட்டீர்கள். மைக் பிடித்துக்கொண்டது. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் வழியாகக் கடைத்தெரு முழுக்க அந்தக் கேள்வி போயிற்று. கூட்டம் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் தாயி. நல்லாப் படி. திருப்பி ஒண்ணும் நான் எதிர்பாக்கல. இந்த ஊரே சாட்சி."

கைதட்டல் அடங்கிய பிறகுதான் வாங்கிக்கொண்டீர்கள். வீட்டுக்கு வரும் வழியில், ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். "எல்லாரும் கேட்டாவல்லா? அது போதும்" என்றீர்கள். எனக்கு அன்று விளங்கவில்லை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கரண்ட் போகக் காத்திருப்போம். தெருவின் தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்று, காது அடைத்தது போல் ஓர் அமைதி வரும். உடனே புத்தகத்தை என் கையில் கொடுத்து, சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பீர்கள். ஒரு சொல் விட்டாலும் நான் விடமாட்டேன். "நீ ஜட்ஜுக்கு மேல இருக்கியட்டி" என்பீர்கள்.

நீங்கள் கோட்டுப் போட்ட மறுவருடம், அண்ணாச்சியின் பட்டறையில் நம் தெருச் செல்லம்மா சித்தியின் வலது கை தறியில் மாட்டியது. மூன்று விரல் போயிற்று. ஆசுபத்திரிச் செலவைக் கொடுத்து, அத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்கலாம் என்று நீங்களாகத்தான் போய்ச் சொன்னீர்கள். சித்தி கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நீயே அவரு துட்டுல படிச்சவ. ஒன்ன எப்படித் தாயி நம்ப?"

"நம்ப வேண்டாம் சித்தி. நான் சொல்லுதத இன்னொரு வக்கீல்ட்டயும் போய்க் கேட்டுட்டு வாங்க."

சித்தி உண்மையாகவே கேட்டுவிட்டுத்தான் வந்தாள். உங்களுக்கு அது வலித்ததா என்று நான் கேட்டதில்லை.

மாமாதான் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "வாங்குன அட்வான்சு தீராம எதுத்து நிக்கக் கூடாது. மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"அட்வான்சுன்னு நீங்கதான்ப்பா சொல்லுதீய. அவரு தருமம்னு மைக்குல சொன்னாரு."

பிறகு அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு என்னை அழைத்துப் போனீர்கள். கடையில் நூல் சிப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "நம்ம புள்ளையே நமக்கு எதிரா நிக்குதே" என்று சிரித்தார்.

"ஊரே சாட்சின்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீய."

நூல் அறுந்தது. "சொன்னேன். சொல்லத்தான் செஞ்சேன்" என்றார். அது கோபமா, வருத்தமா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வழக்கில் செல்லம்மா சித்தி ஜெயித்தாள். இடது கையால் இட்லி ஊற்றக் கற்றுக்கொண்டு, தெருமுனையில் கடை போட்டிருக்கிறாள்.

மஞ்சள்காமாலையில் நீங்கள் போனபோது அண்ணாச்சி வந்தார். வெகுநேரம் நின்றார். எனக்குப் பின்னால் ஒருவர் "பெத்த புள்ள போனாப்ல நிக்காரு" என்றார். இன்னொருவர் "போவே, ஒரு எதிரி கொறஞ்சுது" என்றார். நான் அழ வேண்டிய நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டால் துடைத்தார். வியர்வையா என்று தெரியவில்லை.

இப்போது கணக்கப்பிள்ளை சொன்னதைச் சொல்கிறேன். கிளம்பும்போது, போகிற போக்கில்தான் சொன்னார். "இந்த வருசம் மேடை, மைக் செட்டு ஒண்ணும் கெடயாது. அண்ணாச்சி வீட்டுலயே வச்சுக் குடுத்துருவாவ."

"வெளம்பரம் இல்லாமக் குடுக்காவ. பெரிய மனசு" என்றாள் அம்மா.

பெரிய மனசாக இருக்கலாம். வயதாகி, கூட்டம் பிடிக்காமல் போயிருக்கலாம். ஆனால் அக்கா, மைக் என்னவெல்லாம் செய்யும் என்று அவருக்கு உங்களால்தான் தெரியும். எனக்கும் உங்களால்தான் தெரியும்.

எனக்கு அந்தப் பணம் வேண்டும். அது இல்லாவிட்டால் தேர்வு முடிந்ததும் நானும் பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றத்தான் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. அதனால் வாசல்வரை அவர் பின்னாலேயே போனேன்.

"மைக் இல்லன்னா பரவால்ல. அண்ணாச்சிய நம்ம தெருவுக்கு வரச் சொல்லுங்க. தறியெல்லாம் நிக்குத நேரத்துல, அக்காகிட்டச் சொன்னத எல்லாரும் கேக்க எங்கிட்டயும் சொல்லட்டும். வாங்கிக்கிடுதேன்."

அவர் செருப்புக்குள் காலை நுழைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் புள்ள மாதிரியே பேசுத" என்றார். அதுவும் பாராட்டா என்று தெரியவில்லை. "கேட்டுச் சொல்லுதேன்" என்று போனவர் இன்னும் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. உங்கள் அப்பாவிடம் சொன்னேன். கொடியில் கிடந்த கோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

நாளை ஆடித்தபசுக்குக் கொடியேற்றம். தினமும் மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நிற்கின்றன. புத்தகத்தை எடுக்கிறேன். ஒப்பிக்க ஆள் இல்லை. வாசலில் வந்து நின்று, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.